சோளக்காட்டு ஓரத்துச் சிவப்புத் துணி

'மார்கழி, வெள்ளிக்கிழமை. இடம்: தாராபுரம் சாலை. காட்சி: கடைசி. நடிப்பவர்: கதாநாயகி மட்டும். தேவை: கார் ஒன்று, கார் ஓட்டுபவருக்குப் புடவை ஒன்று, சிவப்புத் துணி நான்கு.'

நான் இயக்கிய முதல் படத்தின் கடைசி நாளுக்கான படப்பிடிப்புத் தாளில் இப்படி எழுதியிருக்கிறது. தேதி இருந்த மூலையில் தேநீர் ஊறி எழுத்து கரைந்துவிட்டது. மாதமும் கிழமையும்தான் மிச்சம். 'சிவப்புத் துணி நான்கு' என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் 'எதுக்கு?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. அது தயாரிப்பாளர் தங்கமுத்துவின் கையெழுத்து. அன்று அவருக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. புதிதாக உதவி இயக்குநர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காவது சொல்லிவைக்கலாம் என்று எழுதுகிறேன். கேமரா, லென்சு, எடிட்டிங் எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

தாளில் உள்ள புடவை யாருக்கு என்று கேட்பீர்கள். எனக்குத்தான். அதற்கு வருகிறேன்.

எனக்குப் பழைய தாள்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உண்டு. எந்தச் செய்தியை எழுதினாலும் ஓரத்தில் 'பார்த்தது', 'கேட்டது', 'சரிபார்க்கவில்லை' என்று மூன்றில் ஒன்றைக் குறித்துவிடுவேன். படித்த புத்தகங்களின் ஓரத்திலும் இப்படிக் கிறுக்கிவைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.

சினிமாவுக்கு வருவதற்கு முன் நான் கார்ப் பந்தயக்காரன். கோயம்புத்தூரில் அது பெரிய அதிசயம் இல்லை. பம்ப்செட்டுக்கு லேத் ஓடிய பட்டறைகளிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயக் கார்களும் உருவான ஊர் இது. காலையில் அன்னபூரணி மாதிரி சிரித்துக்கொண்டே இட்லி வைத்த என் அம்மா, சாயங்காலம் நான் முழுசாக வீடு திரும்பும்வரை யாருடனும் பேசமாட்டார். கழுத்தெலும்பில் இரண்டாவது முறை அடிபட்டதும் இனி கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் ஒரு தொலைக்காட்சியிலிருந்து பந்தயத்தைப் படமெடுக்க வந்தார்கள். கேமராவை வளைவுக்குள் கார் நுழையும் இடத்தில் வைத்திருந்தார்கள். "இங்க எல்லாக் காரும் ஒரே மாதிரிதாங்க தெரியும். வளைவை விட்டு வெளிய வர்ற இடத்துக்குப் போங்க, அங்கதான் ஆரு பயந்தாங்க, ஆரு பயப்படலைன்னு தெரியும்" என்றேன். அவர்கள் போனார்கள். அன்று மாலை கேமராவின் சின்னத் திரையில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது, இனி ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை என்று முதன்முதலாகத் தோன்றியது. என் இரண்டாவது தொழில் அங்கே தொடங்கியது.

இப்போது, சிவப்புத் துணிக்கு முன்னால் ஒரு சிவப்புக் கொடி.

ஊருக்குத் தெற்கே இருந்த தடத்தில் ஒரு பந்தயம். என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக நான் முன்னணியில் இருந்தேன். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவரை அப்போதுதான் தாண்டியிருந்தேன். அவர் பெயரை எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மூத்தவர் என்று சொல்லிக்கொள்கிறேன். தாண்டி அரைச் சுற்றுகூட ஆகவில்லை, எதிரே சிவப்புக் கொடி. சிவப்பு என்றால் பந்தயம் அந்த இடத்திலேயே நின்றது என்று அர்த்தம். ஓட்டுபவனுக்கு ஏன் என்று கேட்க வழியில்லை. முடிவை, கொடி காட்டுவதற்கு முன் முழுதாக முடிந்த சுற்றை வைத்துச் சொல்வார்கள். அந்தச் சுற்றில் மூத்தவர் முதல், நான் இரண்டாவது.

கொடி எதற்கு என்றால், தடத்தின் ஓரத்தில் ஒரு மனிதன் படுத்துக் கிடப்பதுபோல் தெரிந்ததாம். போய்ப் பார்த்தால் காற்றில் பறந்து வந்த கோணிப்பை.

முடிவு சொல்லிக் கோப்பையும் கொடுத்ததும் நேரே கொடிக்காரரிடம் போனேன்.

"கோணிப்பைக்கெல்லாமாங்க கொடி தூக்குவீங்க? கண்ணு தெரியலைன்னா ஊட்ல இருக்க வேண்டியதுதானுங்களே?"

அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து மூத்தவர் வந்து என் தோளில் கைபோட்டார். கையில் கோப்பை.

"கண்ணு, அவருக்கு ஒரு நன்றி சொல்லிப்போட்டு வா."

"கப்பு உங்க கையில இருக்குதுங்க. நீங்களே சொல்லுங்க."

"நான் சொல்லிப்போட்டுத்தான் வாரேன். இன்னைக்கு கோணிப்பைக்கு அவர வைஞ்சுபோட்டீன்னா, நாளைக்கு உன்ற காரு பத்தி எரியறப்ப, தூக்கலாமா வேண்டாமான்னு அவரு சித்த யோசிப்பாரு. அந்த யோசனை உனக்கு வேணுமா?"

ஜெயித்தவன் தாராளமாகப் பேசுவான் என்று நினைத்துக்கொண்டு நான் போய்விட்டேன். நன்றி சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் கூடவே வந்தது.

இனி தாராபுரம் சாலை.

ஈரோட்டில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்துவந்த தங்கமுத்து, பொங்கலுக்கு ஒளிபரப்ப ஒரு தொலைக்காட்சிப் படம் எடுக்க முன்வந்தார். பட வேலையில் எந்த அனுபவமும் இல்லாத என்னை நம்பினார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். 'ரேசு' என்றுதான் கூப்பிடுவார். புருசன் வீட்டை விட்டு, தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குத் திரும்பும் ஒரு பெண்ணின் கதை. கடைசிக் காட்சியில் நீண்ட நேர்ச்சாலையில் கார் வேகமாக வந்து கேமராவுக்கு முன்னால் நிற்க வேண்டும். கதவு திறந்து அவள் இறங்கி ஊரைப் பார்க்க வேண்டும். அதோடு படம் முடியும்.

கதாநாயகிக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேறு ஆள் வைக்க நான் சம்மதிக்கவில்லை. எனக்குள் இருந்த பந்தயக்காரன் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே அவர் கட்டியிருந்த அதே நிறப் புடவையை நான் கட்டிக்கொண்டு ஓட்டுவது, கார் நின்றதும் நான் இறங்கிக்கொண்டு அவரை உட்காரவைத்து, அதே வெளிச்சத்தில் அவர் இறங்குவதை எடுப்பது என்று ஏற்பாடு.

புடவை கட்டிவிட்டவர் சரோஜா. ஆடைப் பிரிவு உதவியாளர். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"சித்த ஆடாம நில்லுங்க சார். கொசுவமே நிக்கமாட்டேங்குது."

"சீட்ல உக்காந்தா ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமுங்க. மீசையத்தான் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

முந்தானையைத் தலையோடு போட்டு மீசையை மறைத்தோம். தங்கமுத்து சுற்றி வந்து பார்த்தார். "ஏனுங்க அம்மணி, எந்த ஊருங்க?" என்றார். யூனிட் முழுக்கச் சிரித்தது. அன்று கடைசியாக எல்லோரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

அந்தச் சாலையில் நான்கு இடங்களில் இட்டேரிகள் வந்து சேர்ந்தன. இரண்டு பக்கமும் வேலி நிற்க, விளைகாடுகளுக்கு நடுவே வரும் குறுகிய வழியைத்தான் எங்கள் பக்கம் இட்டேரி என்போம். ஆடோ மாடோ ஆளோ அதிலிருந்து திடீரென்று சாலைக்கு வரலாம். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ஆளைச் சிவப்புத் துணியோடு நிறுத்தினேன். மூன்றாவது முனையில் சரோஜா. அவருக்குப் பின்னால் ஆள் உயர மக்காச்சோளம்.

"எதாச்சும் சந்தேகம்னா தூக்குங்க. நிச்சயமாத் தெரியணும்னு இல்லை. ஏன் தூக்கினீங்கன்னு ஆரும் கேக்கமாட்டாங்க" என்று நால்வரிடமும் சொன்னேன். ஏன் தூக்கினீங்கன்னு கேக்கமாட்டாங்க என்ற வாக்குறுதி எவ்வளவு பெரியது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் கதாநாயகி வேறு படப்பிடிப்பில் இருக்க வேண்டும். அன்றிரவே ஈரோடு ஜங்ஷனில் அவருக்கு ரயில். பொங்கலுக்கு முன் அவர் திரும்ப வரப்போவதில்லை. மார்கழிப் பொழுது சீக்கிரம் சாயும். காட்சி அன்று கிடைக்காவிட்டால் படத்துக்கு முடிவு இல்லை. முடிவில்லாத படத்தை எடுத்தவனுக்கு அடுத்த படமும் இல்லை. எல்லோருக்கும் இது தெரியும். சரோஜாவுக்கும் தெரியும்.

மெதுவாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். பிறகு காரைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தினேன். மேற்கே சூரியன் பனைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நான் விரும்பிய வெளிச்சம் அதுதான். கிளப்பினேன். முதல் முனை, இரண்டாவது முனை. பல வருடம் கழித்துக் கால் தன் பழைய வேலையைச் செய்தது. உண்மையைச் சொன்னால், படத்தை மறந்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முனையில் சிவப்பு.

இயக்குநராக யோசித்திருந்தால் போய்க்கொண்டே இருந்திருப்பேன். சாலை காலியாகத்தான் தெரிந்தது. ஆனால் கால் யோசிக்கவில்லை. பிரேக் பிடித்துவிட்டது. கார் புழுதியோடு நடுரோட்டில் நின்றது.

தூரத்தில் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து தங்கமுத்து ஓடிவருவது தெரிந்தது. சரோஜா துணியைத் தூக்கியபடியே நின்றார்.

"என்ன பாத்தீங்க?"

"ஆளுங்க சார். ஆளு மாதிரி. சோளத்துக்குள்ள இருந்து ரோட்டுக்கு வர மாதிரி."

"எங்க?"

"இப்பக் காணமுங்க."

மூச்சு வாங்கிக்கொண்டு தங்கமுத்து வந்து சேர்ந்தார். "ஆளும் இல்ல, பேரும் இல்ல. காத்துக்கு சோளம் ஆடுதுங்க ரேசு. திருப்புங்க வண்டிய. இன்னொருக்கா எடுக்கப் பொழுது இருக்குது."

அது சரிதான். இன்னொரு முறைக்கு வெளிச்சம் இருந்தது, ஒரே ஒரு முறைக்கு. தேடிக்கொண்டு நின்றால் இருக்காது. நான் சரோஜாவைப் பார்த்தேன். தடத்தில் சிவப்பு காட்டியபின், பாதை காலி என்று தடத்தில் நிற்பவர்கள் சொல்லாமல் யாரும் காரைக் கிளப்புவதில்லை.

"ரோடு காலியா, சரோஜா?"

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வேலை தப்பித்துவிடும். என் படமும் தப்பித்துவிடும்.

"தெரியலீங்க சார்."

இளைய நண்பர்களே, நெருக்கடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் சத்தமாக இருக்காது. 'தெரியலீங்க' என்ற மாதிரி ஒரு சின்னச் சொல்லாகத்தான் வரும். அதைக் கேட்காத மாதிரி நடந்துகொள்வது மிகவும் எளிது.

"உள்ள போய்ப் பாக்கலாம்" என்றேன்.

நான், சரோஜா, கேமரா உதவியாளர் இரண்டு பேர் சோளத்துக்குள் இறங்கினோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஆருங்க? உள்ள ஆருங்க?" என்று கூவிக்கொண்டு நடந்தேன். சோளத் தாள் முகத்தை அறுத்தது. மறுபக்கத்து வரப்புவரை போனோம். யாரும் இல்லை. திரும்பிச் சாலைக்கு வந்தபோது சூரியன் போய்விட்டது.

கதாநாயகி தன் பையை வேறொரு காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். "பாவம் சார் அந்தப் பொண்ணு, ஒண்ணும் சொல்லாதீங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு ரயிலுக்குப் புறப்பட்டுப் போனார்.

தங்கமுத்து சாலை ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பொங்க நோம்பிக்கு ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன், என்ற படம் வருதுன்னு. இப்ப என்ன சொல்றது? சோளம் ஆடுச்சு, படம் நின்னுபோச்சுன்னா?" பிறகு படப்பிடிப்பு மானேஜரிடம் திரும்பினார். "அந்தப் புள்ளைய இப்பவே பஸ் ஏத்தி ஊட்டுக்கு அனுப்புங்க. நாளைக்கு வர வேண்டாம்."

சரோஜா துணியை மடித்துக்கொண்டிருந்தார். பந்தயத் தடத்தில் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரின் கைகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

உண்மையில் என் மனதுக்குள்ளும் கோபம் இருந்தது. அவரை அனுப்பிவிட்டால் என்மேல் உள்ள பழி பாதி குறையும் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் யூனிட்டில் இருந்த அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணி பிடித்த மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். அன்று அவர் பஸ் ஏறினால், இனி என் படப்பிடிப்பில் யாரும் எதற்கும் துணியைத் தூக்கமாட்டார்கள். நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருப்பார்கள். நிச்சயமாகத் தெரியும்போது நேரம் தாண்டியிருக்கும்.

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "சரோஜா, துணி தூக்கினதுக்கு நன்றிங்க. ரோடு காலியான்னு கேட்டப்ப தெரியலைன்னு சொன்னீங்களே, அதுக்கு ரொம்ப நன்றிங்க. நாளைக்குப் பேக்கிங் வேலை இருக்குது, வந்துருங்க."

தங்கமுத்து எழுந்து நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பொடவையக் கட்டீட்டு நின்னு எனக்கு நாயம் சொல்றீங்களா ரேசு?"

"உங்களுக்குச் சொல்லலீங்க. அவங்களுக்குச் சொன்னேன். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க. நிறுத்தினது என்ற காலு."

அவர், "மொதல்ல அந்தப் பொடவைய அவுத்துப்போட்டு வாங்க. உங்களைப் பாத்தா வைய வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தார். மானேஜர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சரோஜாவைப் பஸ் ஏற்றவில்லை.

படம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஒளிப்பதிவாளர் கேமராவை நிறுத்தாமல் வைத்திருந்தார். தூரத்தில் வேகமாக வந்த கார் நடுரோட்டில் சட்டென்று நின்று, புழுதி அடங்கி, யாரும் இறங்காமல் நிற்கும் காட்சி பதிவாகியிருந்தது. வேறு வழியில்லாமல் அதிலேயே படத்தை முடித்தோம். அது நல்ல முடிவு என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கிடைத்த முடிவு, அவ்வளவுதான். பொங்கல் முடிந்து ஈரோடு கடைவீதியில் தங்கமுத்துவை மறித்து ஒரு அம்மா கேட்டாராம்: "ஏனுங்க, அந்தப் புள்ள ஊருக்குப் போய்ச் சேந்துச்சா, இல்லியா?" இது நான் பார்த்ததல்ல, தங்கமுத்து சொல்லிக் கேட்டது. அவர் என்ன பதில் சொன்னார் என்றேன். "டைரக்டரு சோளக்காட்டுக்குள்ள தேடிட்டு இருக்காருன்னு சொல்லிப்போட்டேன்" என்றார். அதன்பிறகுதான் அடுத்த படத்துக்கும் என்னையே கூப்பிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

கூப்பிட்டார். பல வருடங்கள் சேர்ந்து வேலை செய்தோம். தொடர்கள், இரண்டு திரைப்படங்கள். எல்லாப் படப்பிடிப்புத் தாளிலும் சிவப்புத் துணி இருந்தது. பலமுறை தூக்கினார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது; ஒரு நிழல், ஒரு நாய், ஒரு பயம். ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னேன். சில நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு.

பெருந்துறையில், மூடிக் கிடந்த ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையில் ஒருநாள் காலை. உயரத்தில் பலகை போட்டு ஒரு நடிகையை நிறுத்தியிருந்தோம். 'ஸ்டார்ட்' சொல்லியாகிவிட்டது. கொட்டகையின் ஓரத்தில் நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து தோளில் கிடந்த சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டினார். தங்கமுத்து.

எல்லாம் நின்றது. பக்கத்தில் போனேன்.

"ரேசு, ஏன்னு கேக்காதீங்க. அந்தப் புள்ளைய மொதல்ல எறக்குங்க."

இறக்கினோம். தச்சர் மேலே ஏறி, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பலகையின் நடுவில் ஒரு காலை அழுத்தினார். பலகை இரண்டாக உடைந்து கீழே விழுந்தது.

எப்படித் தெரிந்தது என்று தங்கமுத்துவிடம் கேட்டேன். "தெரியலீங்க. தப்பாத்தான் இருக்கும்னுதான் நெனச்சேன். தப்பா இருந்தா என்ன போச்சாது, நன்றிதான சொல்லுவீங்கன்னு தூக்கிப்போட்டேன்" என்றார். சரோஜா அன்று ஆடைப் பிரிவுக்கே பொறுப்பாளர். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தங்கமுத்து அவரை நோக்கித் துண்டை ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டு, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் இப்போது இல்லை. 'எதுக்கு?' என்ற அந்தப் பென்சில் எழுத்து மட்டும் என்னிடம் இருக்கிறது.

போன மாதம் தாராபுரம் பக்கம் போயிருந்தேன். அமராவதியில் தண்ணீர் ஓடியது. அந்தச் சாலை அகலமாகியிருக்கிறது. மூன்றாவது இட்டேரி இன்னும் இருக்கிறது. அந்தச் சோளக்காட்டின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, அந்த மார்கழியில் சாயங்கால நேரத்தில் யாராவது அந்த வழியாக வருவதுண்டா என்று விசாரித்தேன். வேலைக்கு வந்த ஒருவர் பொழுது சாய அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடப்பார் என்றார். ஆனால் அவர் வேலை செய்தது அந்த வருடமா, அடுத்த வருடமா என்று இவருக்கு நினைவில்லை. அந்த மனிதர் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாராம். பெயர் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

சாலையில் நின்றபடியே சரோஜாவுக்குப் போன் செய்தேன். அன்று நிஜமாகவே ஆள்தானா என்று முதன்முறையாகக் கேட்டேன். அத்தனை வருடமும் கேட்டதில்லை. கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

அந்தப் பக்கம் சிரிப்பு. "இப்பவும் தெரியலீங்க சார்."

ஆகவே, அன்று மாலை சோளக்காட்டிலிருந்து யாராவது சாலையை நோக்கி வந்தார்களா என்பது: சரிபார்க்கவில்லை.